பாட்டுக்கும் பற்று வரவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்திலிருந்து பாட்டைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்வது சரியா தவறா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் நடந்துவரும் விவாதத்தைப் படித்துவருகிறோம். 'திருட்டுதான், சந்தேகமே இல்லை' என்று ஒரு கட்சி. 'கேட்டால் பாட்டு தேய்ந்தா போகும்' என்று இன்னொரு கட்சி. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவற்றுக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் நாங்கள். அடுத்தவர் பாட்டைப் போட்டுத்தான் எங்கள் பிழைப்பு. இரண்டு கட்சியும் தொடாமல் விட்ட சில விவரங்கள் இருப்பதால் எழுதுகிறோம்.

பாட்டு என்பது ஒரே சரக்கு அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியே ஒன்று. ஒரே வீட்டில் வளவு அண்ணனுக்கு, இரண்டாங்கட்டு தம்பிக்கு, கிணற்றுத் தண்ணீரில் இருவருக்கும் பங்கு என்று பத்திரம் எழுதிப் பழகிய ஊருக்கு இது விளங்காத சங்கதி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. வரிக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு, பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு, நிகழ்த்துநருக்கு 50.

சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் காலமானது 1981 அக்டோபரில். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு. எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015 ஜூலையில். அவர் மெட்டுக்கு 2075 முடியும் வரை. இவர் எழுதி அவர் இசையமைத்த ஒரு பாட்டு 1964இல் இசைத்தட்டாக வந்திருந்தால், அந்தப் பதிவின் உரிமை மட்டும் 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 'அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் பொதுச்சொத்து' என்று சொல்கிறவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் சரியாகச் சொல்கிறார்கள். தேவாரமும் அப்படியே. பதிகம் யாருக்கும் சொத்தில்லை. ஆனால் போன வருடம் ஓர் ஓதுவார் பாடிப் பதிவு செய்தது அவருக்கும் பதிவு செய்தவருக்கும் சொத்துதான்.

'சொந்தத்துக்கு இறக்கினால் குற்றமில்லை' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். 52ஆம் பிரிவில் தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான கையாளலுக்கு விலக்கு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சி.டி.யைத் தன் போனுக்கு மாற்றிக்கொள்கிறவர் அந்த நிழலில் ஒதுங்கலாம். திருட்டுத் தளத்திலிருந்து இறக்கியவருக்கும் அதே நிழல் கிடைக்குமா என்பது வாதத்துக்குரியது. வாதத்துக்கே இடமில்லாத ஆட்கள் வேறு: தளத்தை நடத்துகிறவர், புதுப் படத்தின் பாட்டுகளை மொத்தமாக டெலிகிராமில் போடுகிறவர், 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று பலகை மாட்டிக் காசு வாங்குகிறவர். தெரிந்தே செய்தால் 63ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். டோரண்ட் மென்பொருளில் பாட்டு இறக்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மென்பொருள் ஒரு பக்கம் பாட்டை இறக்கும்போதே, இறங்கிய துண்டுகளை மறுபக்கம் ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கும். 'நான் கேட்கத்தான் எடுத்தேன்' என்ற பேச்சு அங்கே எடுபடாது. எடுத்த கையோடு பந்தியும் பரிமாறியாகிவிட்டது.

கல்யாண வீட்டில் பாட்டுப் போட லைசென்ஸ் வேண்டுமா என்பது எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அதே 52ஆம் பிரிவில், உட்பிரிவு 1இன் இசட்ஏ கூறில் பதில் இருக்கிறது. மெய்யான சமயச் சடங்குகளில் பாட்டை ஒலிக்கச் செய்வது உரிமை மீறல் ஆகாது. சமயச் சடங்கு என்பதில் திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அடங்கும் என்று விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதை நினைவூட்டி அறிவிப்பும் வெளியிட்டது. ஆகவே மாப்பிள்ளை அழைப்புக்குப் போடும் பாட்டுக்கோ, கொப்புடையம்மன் கோயில் திருவிழாவில் காலையில் போடும் அம்மன் பாட்டுக்கோ யாரும் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்க முடியாது. ஓட்டலில் டிஜே வைத்து நடக்கும் வரவேற்பு இதில் சேருமா என்பதில் நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருக்கின்றன. ஜவுளிக்கடை திறப்பு விழா, கட்சிக் கூட்டம், நாள் முழுக்கப் பாட்டோடு ஓடும் தனியார் பேருந்து இவையெல்லாம் எந்த விதத்திலும் சேராது. நள்ளிரவு ஆடல் பாடலைச் சமயச் சடங்கு என்று வாதாடப் போகிற கமிட்டிக்காரர்களுக்கு எங்கள் வாழ்த்து.

எங்கள் தொழிலில் பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்த படி. இந்த விலக்கு பாட்டை ஒலிக்கச் செய்வதற்கு மட்டும்தான். படியெடுப்பதற்கு அல்ல. திருட்டுத் தளத்திலிருந்து இறக்கிய பென் டிரைவை அம்மன் சன்னிதியில் வைத்துச் சூடம் காட்டினாலும் உள்ளே இருப்பது திருட்டுப் படிதான்.

நியாய அநியாயத்தை ஒதுக்கிவிட்டு வெறும் சத்தமாகப் பார்த்தாலும் அந்தச் சரக்கு சரக்கில்லை. பெரும்பாலானவை யூடியூப் வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் உரித்தெடுத்தவை. யூடியூப்பில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒலி வினாடிக்கு 128 முதல் 160 கிலோபிட் அளவுதான். அதை '320' என்று மாற்றித் தருகிற தளம், பாலில் தண்ணீர் ஊற்றிப் பெரிய சொம்பில் கொடுக்கிற கதை. 5 நிமிடப் பாட்டு 128இல் 4.8 எம்.பி. இருக்கும், 320இல் 12 எம்.பி. இருக்கும், கோப்பு பருத்திருக்கும், விட்டுப்போன ஒலி திரும்பி வந்திருக்காது. (சி.டி.யில் அதே 5 நிமிடம் சுமார் 53 எம்.பி.) சோதிப்பது எளிது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்தால் அலைவரிசைப் படம் வரும். 320 என்று பெயர் போட்ட பாட்டில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் அறுத்ததுபோல் கறுப்பாக இருந்தால் அது 128இலிருந்து ஊதிப் பெருக்கியது. குழாய் ஸ்பீக்கரில் இது தெரியாது. குழாய்க்கு அந்த உயரமே எட்டாது. பாக்ஸ் வைத்தால் தெரிந்துவிடும். ஜால்ராவும் சலங்கையும் தண்ணீருக்குள் ஆட்டுவதுபோல் கேட்கும்.

பத்துத் தளங்களில் பொறுக்கிய பாட்டுகள் ஒரே சத்தத்தில் இருப்பதில்லை. பழைய பாட்டு மெலிந்திருக்கிறது என்று மிக்சரில் தூக்கி வைப்பார்கள். அடுத்து வரும் புதுப் பாட்டு ஏற்கெனவே உச்சத்தில் இறுக்கிப் பதிந்தது. ஆம்ப்ளிஃபயர் திணறி அலையின் தலையை வெட்டும், அந்த வெட்டில் குழாயின் யூனிட் காயில் எரியும். சில நூறு ரூபாய்ப் பாட்டை மிச்சம் பிடித்து யூனிட்டுக்குச் செலவழிப்பதுதான் நடக்கிறது. (எம்பி3கெயின் என்ற மென்பொருள் போட்டு எல்லாப் பாட்டையும் 89 டெசிபலுக்குச் சமன் செய்தால் இது வராது. வாங்கிய பாட்டுக்கும் இதைச் செய்யத்தான் வேண்டும்.) இன்னும் உண்டு. போலி 'டவுன்லோட்' பொத்தானைத் தொட்டுப் போனில் ஏறும் போலிச் செயலி (ஏபிகே கோப்பு). பென் டிரைவில் கோப்புறைகளை மறைத்துவிட்டுக் குறுக்குவழிகளை மட்டும் விட்டுவைக்கும் வைரஸ். மிக்சர் அதைப் படிக்காமல் முழிக்கும். கெட்டிமேளம் அடங்கிப் பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் ஏதோ ஒரு தளத்தின் பெயரைக் கீச்சுக்குரலில் அறிவிக்கும் ஒட்டு. மணமக்கள் வீடியோவில் அது ஆயுசுக்கும் இருக்கும்.

அந்த ஒட்டுதான் எங்கள் கணக்கில் பெரிய குற்றம். எம்பி3 கோப்பில் பாடலாசிரியருக்கு ஒரு கட்டம், இசையமைப்பாளருக்கு ஒரு கட்டம், பாடியவருக்கு ஒரு கட்டம் இருக்கின்றன. திருட்டுத் தளங்கள் எல்லாக் கட்டத்திலும் தங்கள் முகவரியைத் திணிக்கின்றன. காசு போனால் போகிறது, பேரையும் அழித்துவிட்டு எழுதினவனுக்கு என்ன மிஞ்சும்?

இனிப் பணம் போகும் வழி. சந்தா கட்டும் செயலிகளில் நம் பணம் நாம் கேட்டவருக்கு நேரே போவதில்லை. எல்லாம் ஒரே தொட்டியில் சேர்ந்து, செயலியின் பங்கு போக மிச்சம், மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பிரிகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடியாவது ஓடினால்தான் ஒரு கேட்பு. 2024 முதல், முந்திய 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு அங்கே பதிவுப் பங்கே கிடையாது. 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, படத்துக்கு வெளியே பாட்டு சம்பாதிப்பதில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள பங்கை எழுதி வாங்கிக்கொள்ளவே முடியாது. இது பெரிய வெற்றி; அதைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. இறக்கிய படியைக் கேட்கிறபோது இந்தக் கணக்கில் ஒரு கோடு கூட விழுவதில்லை.

'கோடி கோடியாகச் சம்பாதிக்கிற சினிமாக்காரனுக்கு என் பத்து ரூபாயா குறைச்சல்' என்பார்கள். சினிமாக்காரரை விட்டுவிடுவோம். நம் பக்கத்தில் மாரியம்மன் பாட்டு, கருப்பர் பாட்டு, பழனி பாதயாத்திரைப் பாட்டு என்று சொந்தச் செலவில் பதிவு செய்கிற குழுக்கள் இருக்கின்றன. ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை, கீபோர்டு, பம்பை, உறுமி, கோரஸ் என்று ஆளுக்குச் சம்பளம், அப்புறம் மிக்சிங். சி.டி. விற்ற காலத்தில் கோயில் வாசல் கடையில் வைத்துப் பணத்தை எடுத்தார்கள். இப்போது யூடியூப்தான் வழி. அங்கே விளம்பர வருமானத்தில் பங்கு வர வேண்டுமானால் சேனலுக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர வேண்டும். (ஷார்ட்ஸ் எனும் குறுவீடியோக்களுக்கு வேறு கணக்கு.) பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் திருவிழாச் சமயத்தில் நாலு பேர் அதை இறக்கி, அம்மன் படம் ஒன்றை ஒட்டித் தங்கள் சேனலில் ஏற்றுகிறார்கள். ஐயாயிரம் மணி நேரமாகச் சேர வேண்டியது ஐந்து இடத்தில் ஆயிரம் ஆயிரமாகச் சிதறுகிறது. பாடின குழுவுக்கு 4,000 எட்டாது. ஏற்றினவர்களுக்கும் எட்டாது. வருமானம் யூடியூப்புக்கு மட்டும். சினிமா நிறுவனத்துக்கு, அதன் பாட்டு வேறு சேனலில் ஏறினால் தானாகவே பிடித்துக் கொடுக்கும் கன்டென்ட் ஐடி ஏற்பாடு இருக்கிறது; சின்னக் குழுவுக்கு அது நேரடியாகக் கிடைப்பதில்லை. பாட்டுகளை இணையத்தில் ஏற்றித் தரும் விநியோகஸ்தர் மூலம் ஏற்றி, பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாள எண் வாங்கிக்கொண்டால் ஓரளவு கிடைக்கும். பாதயாத்திரை கிளம்புமுன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். பாட்டு பரவிய பிறகு ஒவ்வொரு சேனலாகப் புகார் கொடுத்துக்கொண்டிருப்பதற்குள் தைப்பூசம் முடிந்துவிடும்.

இத்தனையும் எழுதிவிட்டு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. எல்லா இலவசமும் திருட்டல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் 78 சுற்று இசைத்தட்டு கண்ணில் பட்டால், அல்லது சொந்த வீட்டு மேல்மாடிப் பெட்டியிலேயே கிடைத்தால், அதிலுள்ள பதிவு 1964இலோ அதற்கு முன்போ வெளியானதா என்று பாருங்கள். வெளியாகியிருந்தால் பதிவுரிமை முடிந்திருக்கும், ஆண்டுக்கு ஓர் ஆண்டாக இந்த வரம்பு நகரும். வரியும் மெட்டும் பழைய கீர்த்தனையாகவோ, மெட்டமைத்தவரின் உரிமையும் முடிந்த பாரதி பாட்டாகவோ இருந்தால் தாராளமாகக் கணினியில் ஏற்றி ஊருக்குக் கொடுக்கலாம். அது புண்ணியம். ஆனால் பக்குவம் தெரிந்து செய்ய வேண்டும். 78 தட்டு அரக்கால் ஆனது; ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்து பாட்டும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய தூரிகை, நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. எல்.பி. ஊசியை வைத்து ஓட்டக் கூடாது. அது 1 மில்லுக்குள் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும், 78இன் பள்ளத்துக்கு 3 மில் ஊசி வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உள்ள குப்பையை வாரிக்கொண்டு ஓடும், பாட்டைவிட இரைச்சல் பெரிதாக வரும். 24 பிட்டில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். இரைச்சல் நீக்குவதைப் படியெடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்; மூலப் படியைத் தொடாமல் தனியே வைத்துவிடுங்கள். லேபிளையும் படம் எடுத்து வையுங்கள், தட்டு எண் உட்பட. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒற்றை ஆளாகச் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. துண்டு நோட்டீசைக் கூட அவர் விட்டதில்லை.

பாரதி பாட்டு எப்படிப் பொதுவாயிற்று என்பதிலும் நம் ஊருக்குப் பங்கு உண்டு. அந்தப் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர் காரைக்குடி ஏ.வி.மெய்யப்பச் செட்டியார். தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த அவரது ஸ்டுடியோவில் எடுத்து 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் இருந்தன. வேறொருவர் படத்தில் பாரதி பாட்டு வந்தபோது விஷயம் வழக்கு வரை போனது. பிறகு 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதியின் எழுத்தை மக்களுக்கு ஆக்க முன்வந்தபோது, மெய்யப்பர் பணம் வாங்காமலே தம் உரிமையை விட்டுக் கொடுத்தார். கொடுக்கிறவர் கொடுத்து நாம் வாங்கிக்கொண்டது அது. 'தளத்தில் கிடந்தது, எடுத்தேன்' என்பதையும் இதையும் ஒரே பத்தியில் எழுதிய வாசகருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க இடமில்லை என்ற புகார் ஓரளவு நியாயமானது. செயலியில் 'ஆஃப்லைன்' என்று இறங்குவது அந்தச் செயலிக்குள் மட்டும் திறக்கும். பென் டிரைவுக்கு வராது, சந்தா விதிகளும் தனிப்பட்ட உபயோகத்துக்குத்தான். ஐடியூன்ஸ் கடை 2012 முதல் இந்தியாவில் இருக்கிறது. அங்கே ஒற்றைப் பாட்டாக வாங்கலாம், 256 கிலோபிட் ஏஏசி, பூட்டு கிடையாது. மலிவான மிக்சர்களின் யூஎஸ்பி அந்த வகைக் கோப்பைப் படிக்காமல் போகலாம். எம்பி3க்கு ஒரே ஒருமுறை, 320இல் மாற்றுங்கள்; மாற்றியதை மறுபடி மாற்றாதீர்கள். பழைய சி.டி. கிடைத்தால் இன்னும் நல்லது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் போட்டு, ஒலி குறையாத ஃப்ளாக் வடிவில் எடுத்து, தட்டையும் கையில் வைத்திருங்கள். தட்டை விற்றால் படியையும் அழித்துவிட வேண்டும். எம்பி3டேக் என்ற மென்பொருளில் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைத் தமிழிலேயே நிரப்பலாம். அந்தப் பெயர்க் கட்டங்களுக்கான ஐடி3 முறையின் 2.3 பதிப்பில் சேமியுங்கள், 2.4ஐக் கார் பிளேயர் பல படிப்பதில்லை. நம் பக்கத்துக் குழுவின் பாட்டு என்றால் அவர்களிடமே கேட்டு வாங்குவதுதான் சுலபம். ஒலிப்பதிவின் மூலக் கோப்பையே அனுப்பிவிடுவார்கள், ஜி-பே எண்ணையும் சேர்த்து.

வியாபாரத்தில் மகமை ஒதுக்கிக் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்திய ஊர் இது. மைக் செட் சிட்டையில் சீரியல் செட், ஜெனரேட்டர் டீசல், ஆள் சாப்பாடு என்று எழுதுகிற இடத்தில் 'பாட்டுச் செலவு' என்று ஒரு வரி சேர்த்தால் எந்தக் கல்யாண வீடும் முகம் சுளிக்காது. பந்தியில் ஓர் இலைக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாசி பங்குனித் திருவிழாவுக்கு மைக் செட் பேசும் காலம் நெருங்கும்போது, மேலே சொன்ன 52(1)(இசட்ஏ) கூற்றை அதன் விளக்கத்தோடு தமிழில் முழுமையாக ஒரு நாள் வெளியிட்டால் நன்றாக இருக்கும். லைசென்ஸ் என்று சொல்லிக்கொண்டு யாராவது மண்டபத்து வாசலில் வந்து நின்றால் காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். கமிட்டிக்காரர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள், நாங்களும்தான்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கித் தொழில் செய்வோர் சிலர்,
காரைக்குடி.